அரிசி வேக நாலு பக்கம்

அந்த வீட்டுச் சமையலறையில் கடிகாரம் கிடையாது. இருந்த ஒன்றும் முள் நின்றுபோய், பிறகு ஆணியோடு கழன்று விழுந்து, எந்த மூலைக்குப் போனதென்றே தெரியவில்லை. யாரும் தேடவும் இல்லை. ஏனென்றால் அங்கே சமைக்கிறவளுக்குக் கடிகாரத்தோடு ஒரு வேலையும் இல்லை. உலையை ஏற்றி அரிசியைப் போடுவாள், இடது கையில் புத்தகத்தை விரிப்பாள், வலது கையில் கரண்டியோடு நின்றபடியே படிப்பாள். நாலு பக்கம் முடிந்தால் அரிசி பதமாக வெந்திருக்கும். பருப்புக்கு ஆறு பக்கம். நறுக்கிய பூசணிக்காய்க்கு ஒன்றரை. முட்டைக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பேச்சு நிறைந்த பக்கங்களானால் ஐந்து, மலையும் காடுமாக வர்ணனை வந்துவிட்டால் மூன்றரை போதும்.

வீட்டில் குக்கர் இல்லாமலில்லை. அதைப் பரணில் ஏற்றி வைத்திருந்தாள். கதையில் யாராவது மனசைத் திறந்து பேச வாயெடுக்கும் நேரம் பார்த்துத்தான் அது விசில் அடிக்கிறது என்பது அவள் புகார்.

பெற்றோர் காலமான பிறகு அக்கா வீட்டோடு வந்து சேர்ந்தவள் அவள். ஒரு பல் மருத்துவமனையில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து, பயப்படுகிறவர்களுக்குத் தைரியம் சொல்லி உட்காரவைக்கும் வேலை. காலையில் சமைத்துவிட்டுப் போவாள், மாலையில் வந்து சமைப்பாள். அக்கா ஒரு திரைச்சீலைக் கடைக்குத் தைத்துக் கொடுக்கிறவள் என்பதால் சமையலறையைத் தங்கையிடம் மனப்பூர்வமாக ஒப்படைத்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டாலும், குளிக்கக் கூப்பிட்டாலும், யாரோ வந்திருக்கிறார்கள் என்று கூப்பிட்டாலும், சின்னவளிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: இன்னும் ரெண்டு பக்கம். அதையே அக்காவின் கணவர் அவளுக்குப் பெயராக வைத்துவிட்டார். "ரெண்டுபக்கம் எங்கே? ரெண்டுபக்கத்துக்கு டீ ஆறுது பார்" என்பார். அவள் கோபித்துக்கொண்டதில்லை. அந்த வீட்டில் தனக்கென்று ஒரு பெயர் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

அத்தான் டைல்ஸ் பதிக்கிறவர். அவர் பதித்த தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும் என்று கட்டடக்காரர்கள் சொல்வார்கள். அதிகம் பேசமாட்டார், யாரையும் கடிந்தும் பேசமாட்டார். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அவருக்கும் எழுத்துக்கும் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. பகை ஒன்றுமில்லை. கடைப் பலகையில் பார்த்தால் அடையாளம் தெரிந்துகொள்வார், அத்தோடு சரி.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில் அக்கா கர்ப்பமானாள். ஆண்டவன் கொடுக்கத் தாமதித்த குழந்தை. மூன்று பேருமே தரையில் கால் பாவாமல் நடந்தார்கள். அந்தச் சந்தோஷத்திலேயே ஒரு முள்ளும் இருந்தது. வீட்டில் இருந்தது இரண்டே அறை. உள்ளறையில் சின்னவள் படுத்துக்கொள்வாள். அங்கே அவளைவிட அவளுடைய புத்தகங்கள்தான் அதிக இடம் பிடித்திருந்தன. சுவரோரம், ஜன்னலடியில், கட்டிலுக்குக் கீழே, கதவுக்குப் பின்னால் என்று அடுக்கடுக்காக எழும்பி, கதவு பாதிதான் திறக்கும் என்ற நிலைக்கு வந்திருந்தது. குழந்தையின் தொட்டில் அந்த அறையில்தான் வரவேண்டும்.

ஒரு சாயங்காலம் அத்தான் அளவு நாடாவோடு உள்ளே வந்தார். நீளம் பார்த்தார், அகலம் பார்த்தார், புத்தக அடுக்குகளைப் பார்த்தார். பிறகு அவளிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"இதெல்லாம் படிச்சு முடிச்சதுதானேம்மா?"

"ஆமா அத்தான்."

"எல்லாமே?"

"எல்லாமே."

"அப்புறம் எதுக்கு இருக்குது?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. தெரியாமல்தான் கேட்டார். சிமெண்டைக் கொட்டிய பிறகு மூட்டையை யாராவது பத்திரப்படுத்துகிறார்களா என்றும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரர் வருகிறார், அவரிடம் போட்டுவிட்டால் அறை பளிச்சென்று ஆகிவிடும் என்றார். அவளுக்கு ஆயிரம் பதில் வாய்வரை வந்தது. ஆனால் இத்தனை வருஷமாக முகம் சுளிக்காமல் சோறு போட்ட மனிதர் கேட்கிறார். கேட்பதும் வரப்போகிற குழந்தைக்காக. "வச்சே ஆகணும்னு ஒண்ணும் இல்ல அத்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா தலையை நிமிர்த்தித் தங்கையைப் பார்த்தாள். மறுபடி நூலைக் கோத்தாள்.

அன்றிலிருந்து அவள் தன் புத்தகங்களை விடைபெற்றுக்கொள்ளும் முறையில் படிக்க ஆரம்பித்தாள். ரயில் ஏறப்போகிற உறவுக்காரர்களிடம் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவதுபோல, இதில் ஓர் அத்தியாயம், அதில் ஒரு கடைசிப் பக்கம். முழுசாகப் படிக்க ஒன்றை மட்டும் எடுத்துச் சமையலறையில் வைத்துக்கொண்டாள். ஆற்றில் படகு விடுகிற ஒரு பெண்ணின் கதை. ஒரு நாள் காலையில் அந்தப் படகில் ஏறுகிற ஓர் ஆள், அக்கரை வந்ததும் இறங்குவதில்லை. இக்கரை திரும்பியும் இறங்குவதில்லை. கூலியை மட்டும் கொடுத்துக்கொண்டு போகவும் வரவுமாகவே இருக்கிறான். ஏன் இறங்கவில்லை என்பதுதான் கதை. அவள் அதை நாலைந்து தடவை படித்திருந்தாள்.

அந்த வாரம் நடுவிலேயே அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. மாதம் ஏறியும் மசக்கை விடவில்லை. எது உள்ளே போனாலும் வெளியே வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, குழந்தை நன்றாக இருக்கிறது, ஆனால் தாய் நாலு கவளமாவது சாப்பிட்டாக வேண்டும் என்றார் மருத்துவர். வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொன்னார்.

சின்னவள் தன் கைத்திறன் அத்தனையையும் காட்டினாள். முத்து முத்தாகச் சோறு, உடையாமல் வெந்த பருப்பு, அரிந்த மேனிக்கு நிற்கும் பூசணித் துண்டுகள். வேலைக்குப் போகிற வழியில் அத்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். திரும்பி வரும் தூக்குச்சட்டி, போன கனத்திலேயே வரும். "பார்க்க நல்லாத்தான் இருக்கு, வாயில வச்சா மெல்ல முடியல" என்று அக்கா சொன்னதாக அத்தான் வந்து சொல்வார். சொல்லிவிட்டு யாரும் பார்க்காத மாதிரி அந்தச் சோற்றைத் தானே உட்கார்ந்து சாப்பிட்டு முடிப்பார். வீணாக்கக் கூடாது என்பது ஒன்று. சமைத்தவள் மனசு நோகக் கூடாது என்பது இன்னொன்று.

அவள் தினமும் படுக்கும் முன் ஒரு நிமிஷம் கைகூப்பி உட்காருவாள். அந்த நாட்களில் புத்தகங்களைப் பற்றிக் கடவுளிடம் பேச நினைத்து, இதற்கெல்லாமா அவரைத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டாள். அக்கா நாலு வாய் சாப்பிட வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை பல் டாக்டரம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசப் பரிசோதனை முகாம் வைத்திருந்தார். விடியும்போதே போயாக வேண்டும். அன்றைக்குச் சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தானே முன்வந்தார். அவருக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியும், வெந்நீர் வைக்கத் தெரியும். மிச்சத்தைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். அரிசி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, தீ எவ்வளவு என்று எல்லாம் கேட்டுக்கொண்டார். கடைசியில் வந்தது வம்பு.

"எவ்வளவு நேரம் வேகணும்?"

அவள் முழித்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் நிமிஷம் பார்த்ததில்லை.

"நேரக் கணக்கு எனக்குத் தெரியாது அத்தான். அரிசிக்கு நாலு பக்கம். பருப்புக்கு ஆறு. பூசணிக்காய்க்கு ஒண்ணரை."

சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. ஒன்றுக்கு நாலு, ஒன்றுக்கு ஆறு என்று தினமும் மணலும் சிமெண்டும் கலக்கிறவருக்கு இது பழகின பாஷையாகவே பட்டது. அளவு என்றால் அளவுதான்; தொழில் தெரிந்தவள் சொன்னால் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எந்தப் புத்தகம் என்று கேட்டார். எதுவானாலும் சரி, இதோ மேடை மேலேயே ஒன்று இருக்கிறது என்று படகுக்காரியின் கதையைக் காட்டினாள். எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டார். எங்கிருந்து வேண்டுமானாலும் என்றாள்.

"மொதல்லேர்ந்தே படிச்சிடறேன். நடுவுல ஆரம்பிச்சா வேலை சுத்தமா வராது."

இப்படியாக ஒரு பெரிய தவறு, இரண்டு நல்ல மனிதர்களால், துளி சந்தேகமும் இல்லாமல் திட்டமிடப்பட்டது.

பள்ளிக்கூடத்தில் நல்ல கூட்டம். பிள்ளைகள் வரிசையாக வாயைத் திறந்து நின்றார்கள். விழுந்த பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, இதை மறுபடி ஒட்ட முடியுமா என்று கேட்டது ஒன்று. அவள் எல்லாரையும் சிரிக்கவைத்து உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சுவரோரம் நின்ற ஓர் அம்மாவைக் கவனித்தாள். பிள்ளையோடு வந்தவர், பல் துலக்குவது எப்படி என்ற விளம்பரத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரல் நகர்ந்தது. உதடுகள் அசைந்தன. ஒரு வரி முடிந்ததும் சற்று நின்று, மூச்சு வாங்கி, அடுத்த வரிக்குப் போனார். இவள் மூன்று பிள்ளைகளுக்கு டோக்கன் கொடுத்து நிமிர்ந்தபோதும் அவர் பாதித் தாளில்தான் இருந்தார்.

அடுத்த டோக்கனை நீட்டியவள் பாதியில் நின்றுவிட்டாள். நாலு பக்கம் என்று சொன்னோமே, யார் படிக்கிற நாலு பக்கம்?

தபால்காரர் கொண்டுவந்த பத்திரிகை உறையில் இருந்த முகவரியை அத்தான் ஒருமுறை படித்தது நினைவுக்கு வந்தது. கதவுக்கு வெளியே ஆரம்பித்தவர், சாப்பாட்டு மேஜைக்கு வந்தபோதுதான் முடித்தார். அப்படியானால் இந்நேரம் சோறு என்ன ஆயிற்று, பருப்பு என்ன ஆயிற்று, அடுப்பு என்ன ஆயிற்று? போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மறுபடி செய்தாள். தீயணைப்பு வண்டி வாசலில் நிற்பதுவரை அவள் மனசு படம் ஓட்டிப் பார்த்துவிட்டது. கதை படிக்கிறவர்களுக்கு இது ஒரு தொல்லை. நடக்காததும் எழுத்துக்கு எழுத்து தெரியும்.

டாக்டரம்மாவிடம் திக்கித் திக்கிச் சொன்னாள். கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த டாக்டரம்மா, கையுறையைக் கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டு, "போயிட்டு வா. பல்லெல்லாம் இங்கேயேதான் இருக்கும், ஓடிடாது" என்றார்.

வாசலில் பஸ் இல்லை. ரொட்டி வேன் ஒன்று நின்றிருந்தது. அதன் டிரைவர் காலையில் முகாமுக்கு எதையோ இறக்க வந்தவர், சும்மா வந்த இடத்தில் டாக்டரம்மா கண்ணில் பட்டு, வெகுநாளாகத் தள்ளிப்போட்ட கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டவர். கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். இவளுடைய பரபரப்பைப் பார்த்துக் கையால் என்ன என்று கேட்டார். வீட்டில் அடுப்பு, அத்தான், நாலு பக்கம் என்று அவள் சொன்னதில் அவருக்கு என்ன புரிந்ததோ, முன்கதவைத் திறந்துவிட்டார்.

அந்தப் பயணத்தை அவள் வெகுநாள் மறக்கவில்லை. பின்னால் சுடச்சுட ரொட்டி வாசனை. முன்னால் பேச முடியாத டிரைவர். இடது பக்கமா என்று அவர் புருவத்தால் கேட்பார், அடுத்த திருப்பம் என்று அவள் சொல்வாள். குறுக்கே வந்த சைக்கிள்காரரைத் திட்ட வாயெடுத்து, பஞ்சு நினைவுக்கு வந்து, வெறுமனே கும்பிட்டுவிட்டுப் போனார். சைக்கிள்காரரும் பதிலுக்குக் கும்பிட்டார். ஒரு பல் போனதில் ஒரு சண்டை மிச்சம்.

வீட்டு வாசலில் தீயணைப்பு வண்டி இல்லை, புகையும் இல்லை. மாடிப்படிகளைத் தாவி ஏறிக் கதவைத் திறந்தாள். அடுப்பு அணைக்கப்பட்டிருந்தது. அத்தான் இல்லை, அவர் போன் மட்டும் மேஜையில் கிடந்தது. அரிசிப் பானையில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் தொட்டுப் பார்த்தாள். சுவரில் போஸ்டர் ஒட்டலாம் போலிருந்தது. பருப்புச் சட்டியில் பருப்பு என்று ஒன்று இருந்ததற்கான தடயமே இல்லை, மஞ்சளாக ஒரு கூழ். சமையல் மேடையில் வைத்திருந்த புத்தகத்தைக் காணோம்.

உள்ளறையை எட்டிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்காக அவளே அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக் கயிறு கட்டி வைத்திருந்தாள். அந்தக் கட்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. படகுக்காரி அவற்றின் மேலும் இல்லை, பக்கத்திலும் இல்லை. அத்தான் கோபித்துக்கொண்டிருப்பார். கோபமே வராத மனிதருக்கு வந்துவிட்டால் அது நியாயமான கோபமாகத்தான் இருக்கும். புத்தகத்தை நம்பிச் சோற்றைக் கெடுத்தோம் என்று, போகிற வழியில் எங்கேயாவது போட்டிருப்பார். இனி இந்த வீட்டில் புத்தகம் என்ற பேச்சையே எடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் ஒன்றிரண்டை ஒளித்து வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஓரத்தில் வைத்திருந்த ஆசையும் அன்றோடு போயிற்று. அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கண் கலங்கியது. அப்புறம் அக்காவின் நினைப்பு வந்தது. அக்காவுக்கு இன்று சாப்பிட ஒரு வாய்கூட இருக்காதே என்று எழுந்தாள்.

கீழே ரொட்டி வேன் இன்னும் நின்றிருந்தது. தீ எரிகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமல் போக டிரைவருக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுவிட்டு, இறங்கும்போது ஒரு ரொட்டியையும் அவள் கையில் திணித்தார்.

பிரசவ வார்டின் நடைபாதையில் திரும்பும்போதே ஒரு குரல் கேட்டது. பள்ளிக்கூடத்துப் பையன் எழுந்து நின்று பாடம் ஒப்பிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லையும் கீழே வைத்து எடுத்து, உரக்கப் படிக்கிற குரல். அவள் நடை தானாக மெதுவாகியது.

வார்டே அமைதியாக இருந்தது. அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்டூலில் அத்தான், மடியில் புத்தகம், வரிக்குக் கீழே சிமெண்ட் படிந்த ஆள்காட்டி விரல். பக்கத்துக் கட்டில்காரி குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த கட்டிலின் மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு வந்துவிட்டார். நர்ஸ் கையில் தெர்மாமீட்டரோடு நின்றாள். அது யாருக்கு வைத்து எடுத்தது என்பதை அவளே மறந்திருக்க வேண்டும். அக்காவின் கையில் ஒரு கிண்ணம் இருந்தது. அது காலியாக இருந்தது.

தங்கையைக் கண்டதும் அத்தான் படிப்பதை நிறுத்தி எழுந்தார். முகத்தில் குற்றம் செய்த களை.

"கோவிச்சுக்காதம்மா. சோறு குழைஞ்சுபோச்சு. நீ சொன்னபடி நாலு பக்கம்தான் படிச்சேன், ஒரு வரிகூட ஏமாத்தல."

"பருப்பு?"

"ஆறு. தண்ணி வத்த வத்த ஊத்திக்கிட்டே படிச்சேன்."

"பூசணிக்கா எங்கேன்னு கேளுடி" என்றாள் அக்கா. அவள் சிரிப்பை அடக்கியதில் கட்டில் குலுங்கியது.

அத்தான் தலையைச் சொறிந்தார். "அது ஒண்ணரைல நிறுத்த முடியல. அந்த ஆளு படகை விட்டு எறங்கற மாதிரி இருந்துச்சு. எறங்கிடுவான்னு பார்த்தேன், எறங்கல. அதுக்குள்ள பூசணிக்கா பருப்போட கரைஞ்சு போயிடுச்சு."

தாமதமாக வந்து நின்ற கணவரிடம் அக்கா காரணம் கேட்டிருக்கிறாள். அவர் கதையைச் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சுருக்கிச் சொல்ல வராது. அதனால் புத்தகத்தையே எடுத்து முதலிலிருந்து படித்துக் காட்டியிருக்கிறார். கேட்டுக்கொண்டே அக்கா கூழை ஒரு கரண்டி வாயில் விட்டிருக்கிறாள். மெல்லவும் வேண்டாம், முகரவும் வேண்டாம், தொண்டைக்குள் தானாகவே இறங்கியிருக்கிறது. இன்னொரு கரண்டி. கதையின் மும்முரத்தில் குமட்ட மறந்துவிட்டதாக அவளே சொன்னாள். சாப்பிட்டு வெகுநேரம் ஆகியும் அப்படியே தங்கியிருக்கிறது என்று நர்ஸ் சாட்சி சொன்னாள். சின்னவள் அந்தக் காலிக் கிண்ணத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முத்து முத்தாக வடித்த தன் சோறு செய்யாததை ஒரு பசைச் சோறு செய்திருந்தது. கேட்டவருக்குக் கேட்டது கிடைத்துவிடுகிறது, வருகிற வழிதான் நாம் நினைத்தது இல்லை.

அத்தான் மறுபடி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, அவன் ஏன் எறங்க மாட்டேங்கறான்? உனக்குத் தெரியுமில்ல?"

வார்டு முழுவதும் அவளைப் பார்த்தது. அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அல்லது, சொல்கிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேப்பர்காரரை வர வேண்டாமென்று சொல்லுங்கள் என்று கேட்கலாம். அந்த நிமிஷத்தில் கேட்டிருந்தால் அவர் எதற்கும் தலையாட்டியிருப்பார். அக்காவின் கண்கூட அதைத்தான் சொன்னது: கேளுடி, இப்பவே கேள். ஆனால் மனைவி சாப்பிட்ட சந்தோஷத்தில் இருக்கிற மனிதரை மடக்கி ஒன்றை வாங்குவது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"நான் சொன்னா கெட்டுடும் அத்தான். நீங்களே படிங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியலேன்னா மிச்சத்தை நான் வாயால சொல்லிடறேன்."

"ஞாயித்துக்கிழமையா? ஏன்?" என்றார். பிறகு அவருக்கே ஞாபகம் வந்தது. புத்தகத்தை மூடி, அதன் முதுகைப் பார்த்தார். "இதுவும் அதுல போறதுதானா?"

"ஆமா."

"நீ இதை முன்னாடியே படிச்சது."

"நாலஞ்சு தடவை."

"கதை தெரிஞ்சுமா மறுபடி மறுபடி படிச்சே? எதுக்கு?"

இப்போது பதில் தானாக வந்தது. "அந்தப் படகுக்காரி எப்படி இருக்கான்னு போய்ப் பார்த்துட்டு வரலாம்னுதான்" என்றாள்.

அத்தான் விரலால் அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். நாற்காலி மாமியார் பொறுமையிழந்து, பேச்சைக் குறைத்துக்கொண்டு மேலே படிக்கச் சொன்னார். அவர் படித்தார். சின்னவள் ரொட்டியைப் பிய்த்து வார்டு முழுக்கப் பங்கு போட்டாள்.

அக்காவைச் சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புத்தகங்களைப் பற்றி அத்தான் வாயே திறக்கவில்லை. சின்னவளும் கேட்கவில்லை. கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய பேப்பர்காரர் தராசோடு மாடியேறி வந்தார். சின்னவள் சமையலறையிலேயே நின்றுகொண்டாள். அரிசி உலையில் கொதித்தது. கையில் புத்தகம் எதுவும் இல்லை. வாசலில் நடந்த பேச்சை அவள் பார்க்கவில்லை, கேட்டாள். பேப்பர்காரர் பெட்டிகள் எங்கே என்றார். அத்தான் பழைய செய்தித்தாள் கட்டுகளையும் ஒரு சுமை காலி சிமெண்ட் மூட்டைகளையும் இழுத்துவந்து போட்டார். இவ்வளவுதானா, புத்தகம் நிறைய இருக்கிறது என்று சொன்னீர்களே என்றார் வந்தவர்.

"இருக்கு. இன்னும் படிச்சு முடிக்கல."

"படிச்சு முடிச்சதுன்னுதானே என்னைய வரச் சொன்னீங்க?"

"அவ முடிச்சுட்டா. நான் முடிக்கல."

பேப்பர்காரர் கதவு வழியாக உள்ளே எட்டி, பெட்டிகளின் உயரத்தைப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார். அவருக்கு ஊர் முழுக்கப் பழக்கம். யார் எவ்வளவு படிப்பார்கள் என்பதும் தெரியும். "எல்லாத்தையுமா?" என்றார்.

"கொஞ்சம் நாளாகும்" என்றார் அத்தான்.

"பொறக்கப்போற புள்ளைக்குக் கல்யாணமே ஆயிடும்" என்று கட்டிலிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

சமையலறையில் நின்றவள் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க ஈரம் வந்துகொண்டேயிருந்தது, கூடவே சிரிப்பும்.

மத்தியானம் அத்தான் எங்கிருந்தோ நாலு பலகைகளைத் தோளில் சுமந்துவந்தார். கதவு நிலைக்கு மேலே, அறையைச் சுற்றி, உத்தரத்துக்குக் கீழே வெறுமனே கிடந்த சுவரை அவர் அன்றைக்கு அளவெடுத்தபோதே பார்த்திருக்கலாம். அப்போது அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை அவள் ஏணி மேல் நின்று தாங்கினாள். ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை அவளை அசையவிடவில்லை. கீழே தொட்டிலுக்கு வேண்டிய இடம் அப்படியே கிடைத்தது.

பெட்டிகளை அவிழ்த்துப் புத்தகங்களை ஏற்றும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். கதை ஒரு பக்கம், கட்டுரை ஒரு பக்கம், எழுதியவர் பெயர்ப்படி என்று அவள் மனசில் ஒரு வரிசை இருந்தது. அவர் உயரம் பார்த்து அடுக்கினார். ஒரே உயரமுள்ளதெல்லாம் ஒன்றாக, விளிம்பு விளிம்போடு சேர, முதுகு ஒரு நூல்கூட முன்னே பின்னே போகாமல். ஒரே கதையின் முதல் பாகம் ஜன்னல் பக்கமும் இரண்டாம் பாகம் கதவுப் பக்கமும் போய்ச் சேர்ந்தன. கடைசியாக மேலே உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்து, இறங்கி நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

இனிமேல் தனக்கு வேண்டிய எந்தப் புத்தகமும் தேடாமல் கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு அத்தான்" என்றாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.